நெருப்பு தெரியாத வலது கால்

தண்டுவடம் என்று ஒன்று எனக்குள் இருப்பதை நாற்பத்தோரு வயதில்தான் தெரிந்துகொண்டேன். முதுகெலும்பு தெரியும். அந்த எலும்புக்குள் மேலிருந்து கீழாக ஒரு பொந்து இருப்பதும், பொந்துக்குள் சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெள்ளைக் கயிறு தொங்குவதும், அதன் நீளம் பூக்காரம்மா கையால் அளந்து தருகிற ஒரு முழம்தான் என்பதும் தெரியாது. அந்த ஒரு முழத்தை நம்பித்தான் நிற்கிறோம், நடக்கிறோம், சூடான டம்ளரைச் சட்டென்று கீழே வைக்கிறோம். நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

கணபதி என்கிற பகுதியில் எனக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் எரிந்துபோய் மேலே வருகிற மோட்டார்களை விவசாயிகள் கொண்டுவந்து போடுவார்கள். கருகிய சுருளை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செப்புக்கம்பி சுற்றி, வார்னிஷில் நனைத்துக் காயவைத்துக் கொடுப்பேன். இருபது வருஷத்தில் எந்த மோட்டாரும் என்னிடம் பொய் சொன்னதில்லை. டெஸ்ட் லாம்ப்பை வைத்தால் பழுது எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும். பொய் சொன்னது நான்தான், அதுவும் டாக்டரிடம். அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது ஆரம்பித்தது. விலாவைச் சுற்றி யாரோ பெல்ட்டைப் போட்டு இறுக்குவது போல ஒரு வலி. படுத்தால் அதிகமாகும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். வாயு என்று நானே முடிவு செய்து ஓமத்தண்ணீராகக் குடித்தேன். மாசியில் இடது கால் தேய ஆரம்பித்தது. ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் வந்துவிட்டேன். வாசலில் சரசு என் காலையே பார்த்தாள்.

“ஏனுங்க, இன்னொரு செருப்பு எங்கீங்க?”

இடது கால் செருப்பு வழியில் எங்கோ கழன்று விழுந்திருக்கிறது. விழுந்தது எனக்குத் தெரியவில்லை.

சரசு என் மனைவி. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை. கொதிக்கிற குண்டாவைப் பிடிதுணி இல்லாமல் இறக்கிவைக்கிற கை. கோபிக்கு அந்தப்பக்கம் அவள் பிறந்த ஊர். அங்கே மாரியம்மனுக்குப் பங்குனியில் குண்டம். விறகை அடுக்கி எரித்து, முப்பதடி நீளத்துக்குத் தணலைப் பரப்பி, விரதம் இருந்தவர்கள் அதில் இறங்கி நடப்பார்கள். என் கால் சரியாக வேண்டும் என்று அவள் எனக்காக வேண்டிக்கொண்டாள். நடக்க வேண்டியவன் நான்.

“பதினஞ்சு நாளைக்கு வாயக் கட்டுங்க. ஆத்தா பாத்துக்குவா,” என்றாள்.

காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி உடுத்தி, எட்டு நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஒன்பதாம் நாள் தாராபுரத்துக்காரர் ஒருவருக்கு மோட்டாரை மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து காந்திபுரத்தில் இறங்கினேன். காலையிலிருந்து ஒரு டீதான் உள்ளே போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு ஓரத் தள்ளுவண்டியில் ஒருவன் வெங்காயமும் மிளகும் போட்டு ஆம்லெட் ஊற்றிக்கொண்டிருந்தான். மஞ்சள் வேட்டியைப் பார்த்து அவனே தயங்கினான். “உனக்கென்னய்யா, ஊத்து,” என்றேன். ஒரே ஒரு ஆம்லெட். சாப்பிட்டு முடித்ததும் வயிறு நிறைந்தது, மனசு கெட்டது.

குண்டத்தன்று என் முறை வந்தபோது இறங்கினேன். இடது கால் இழுத்துக்கொண்டு வந்ததால் மற்றவர்களைப் போல ஓட்டமாகப் போக முடியவில்லை. அப்போது நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. இடது காலை வைத்தால் சுட்டது. வலது காலை வைத்தால் ஒன்றுமே இல்லை, மெத்தையில் வைத்த மாதிரி இருந்தது. ஏறினதும் சரசுவின் ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள்.

“எப்படி இருந்துச்சுங்க மாப்ள?”

குண்டம் இறங்கியவனிடம் அந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. சுட்டது என்று சொன்னால் விரதத்தில் குறை என்று அர்த்தம்.

“பூ மாதிரி இருந்துச்சுங்க,” என்றேன்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆம்லெட்டுக்காக ஆத்தா இடது காலில் சூடு வைத்துவிட்டாள், மீதிப் பதினாலு நாள் விரதத்துக்காக வலது காலை விட்டுவிட்டாள். நியாயமான தீர்ப்பாகத்தான் பட்டது. மூன்றாம் நாள் குளிக்கும்போது பார்த்தால், சுடாத வலது பாதத்தில்தான் கோலிக்குண்டு அளவுக்குக் கொப்புளம் வெடித்துச் சதை தெரிந்தது. தொட்டால் தொட்டது தெரிந்தது, வலி மட்டும் இல்லை. சுட்ட இடது காலிலோ லேசான சிவப்புத்தான். இது வேறு எதுவும் இல்லை, சாமிக் குத்தம்தான் என்று முடிவு செய்தேன். சித்திரை வெயிலில் காலுறை போட்டுக்கொண்டு திரிந்தேன். சரசு கேட்டால் பித்தவெடிப்பு என்றேன். புண் ஆறி வடுவானது.

இடது கால் மட்டும் நாளுக்கு நாள் மோசமாயிற்று. எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனோம். இடது கால் இழுக்கிறது என்று மட்டும் சொன்னேன். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்து, டிஸ்க் விலகியிருக்கலாம் என்று காலில் எடை கட்டித் தொங்கவிட்டார். “வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்குதுங்களா?” என்று அவர் கேட்கத்தான் செய்தார். பக்கத்தில் சரசு நின்றிருந்தாள். “ஒண்ணுமில்லீங்க,” என்றேன். இப்படி இரண்டு மாதம் போனது. ஆனியில் ஒருநாள் பட்டறையில் ஸ்டூலிலிருந்து எழுந்தவன், இடது கால் இருக்கிற இடமே தெரியாமல் அப்படியே சாய்ந்துவிட்டேன். ஆட்டோவில் போட்டு அவினாசி ரோட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த வராந்தாவில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சு. எதிரே முதுகில் பட்டையும் கழுத்தில் பட்டையுமாக வரிசையாக மனிதர்கள். சரசு தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்திருந்தாள். குடிக்கக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவருக்கும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் ஊற்றிக்கொண்டே போனாள். பயம் வந்தால் அவள் யாருக்காவது சோறு போடுவாள், அல்லது மோர் ஊற்றுவாள்.

என்னைப் பரிசோதித்தது மேரி என்ற சின்னப் பெண். மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர், இருபத்தேழு வயது இருக்கும். வந்ததும் வேலையைக் கேட்டாள், ஊரைக் கேட்டாள். பிறகு இடது உள்ளங்காலின் ஓரத்தில் சாவியால் கீறினாள். கட்டைவிரல் தானாக மேலே எழுந்தது. வலது காலில் கீறினால் கீழே மடங்கியது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

“கைக்குழந்தைக்குத்தான் இப்படி மேல எந்திரிக்குமுங்க. பெரியவங்களுக்கு எந்திரிச்சா மூளைல இருந்து வர்ற வழில எங்கியோ அடைப்புன்னு அர்த்தம்,” என்றாள்.

பிறகு குண்டூசியை எடுத்தாள். “கண்ண மூடிக்குங்க அண்ணா. குத்துதா, சும்மா தொடறனான்னு சொல்லோணும்.”

இடது காலில் குத்தினாள். குத்தியது. வலது காலுக்கு வந்தாள். தொடுவது தெரிகிறது, ஆனால் குத்துகிறதா என்று எனக்கெப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் “குத்துது, குத்துது” என்றேன்.

“கண்ணத் தொறங்க,” என்றாள். அவள் கையில் ஊசியே இல்லை. ஒரு துண்டுப் பஞ்சு இருந்தது. “கடைசி அஞ்சு தடவையும் இதாலதான் தொட்டேன். வலது கால்ல உங்களுக்கு வலி தெரியலீங்க. எதுக்கு மறைக்கறீங்க?”

நான் கூரையைப் பார்த்தேன். அவள் என் பாதத்தைத் திருப்பினாள். வடு பளபளவென்று கிடந்தது.

“இது தீக்காயம். எப்பப் பட்டதுங்க?”

சரசு குனிந்து பார்த்தாள். அவளிடமிருந்து இனி எதை மறைப்பது? குண்டம், கொப்புளம், காலுறை, காந்திபுரம், ஆம்லெட் என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். டாக்டர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். சரசு சிரிக்கவில்லை.

“ஒரு ஆம்லெட்டுக்குங்களா?” என்றாள் மெதுவாக. “ஒரு ஆம்லெட்டுக்கா மூணு மாசம் கால மறைச்சுபோட்டீங்க? நான் என்ன உங்களக் கடிச்சா தின்னுபோடுவேன்?” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளைக் கல்யாணம் செய்த இத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

டாக்டர் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் கொண்டுவந்தாள். வலது காலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேலே மேலே வைத்துக்கொண்டே வந்தாள். தொடை, இடுப்பு, அடிவயிறு. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் “சுடுதுங்க!” என்று கத்தினேன். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். விலாவைச் சுற்றிய பெல்ட் வலியும் அதற்குப் பக்கத்தில்தான்.

“எலும்பு டாக்டர் மேல தப்பில்லீங்க,” என்றாள். “நீங்க ஒத்தக்கால மட்டும் சொன்னீங்க. அவரு இடுப்பப் படம் புடிச்சாரு. தண்டுவடம் இடுப்புக்கு மேலயே முடிஞ்சுருமுங்க. அங்கிருந்து கீழ வெறும் நரம்புக் கத்தைதான் தொங்கும், குதிரைவால்னு பேரு. உங்களுக்குப் பழுது இன்னும் மேல, நடு முதுகுல.”

நான் தொழில்காரன். விட முடியவில்லை. “எடது கால்ல பலம் இல்ல, வலது கால்ல சூடு தெரியல. ரெண்டு பழுதுங்களா?”

“ஒரே பழுதுதானுங்க. ஒரே எடத்துல.”

எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் அவள் படம் போட்டாள். அந்த உறையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். தண்டுவடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக நரம்புகள் கிளம்புகின்றன, மொத்தம் முப்பத்தோரு ஜோடி. மேலே மூன்று உறை. வெளியுறை தோல் போலக் கெட்டியானது, நடு உறை சிலந்திவலை, உள்ளுறை தண்டுவடத்தோடு ஒட்டியது. உறைகளுக்கு நடுவே தெளிந்த நீர், அதில்தான் தண்டுவடம் மிதக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி. தன் பாடப் புத்தகத்தைத் திறந்து அந்தப் படத்தையும் காட்டினாள். சாம்பல் நிறம் நரம்பு அணுக்கள் இருக்கிற இடம், சுற்றிலும் இருக்கும் வெள்ளை மேலும் கீழும் ஓடும் கம்பிகள். லட்சக்கணக்கான கம்பிகள், சுண்டுவிரல் தடிமனுக்குள். நான் ஒரு மோட்டாரின் காடி என்ற சிறு பள்ளத்துக்குள் நாற்பது சுற்றுக் கம்பியைத் திணிக்க விரல் நோக மல்லுக்கட்டுகிறவன். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

“காலுக்கு நடன்னு மூளை சொல்ற சேதி மேல கழுத்துக்கிட்டவே பக்கம் மாறிரும். அதுக்கப்புறம் எடது காலுக்கான கம்பி எடது பக்கமாவே எறங்கும். ஆனா கால்ல இருந்து மேல போற சூடும் வலியும் தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச தூரத்துலயே குறுக்க தாண்டி எதிர்ப்பக்கம் போயிருமுங்க. வலது கால் சுட்டா, அந்தச் சேதி எடது பக்கமாத்தான் மேல போகும்.”

“அப்ப எடது பக்கத்துல எதாச்சும் அழுத்துனா...”

“எடது காலுக்கு நடை போயிரும். வலது காலுக்கு நெருப்பு தெரியறது போயிரும்.”

குண்டத்தில் நடந்ததை அப்படியே ஒரு பேனாக்கோட்டில் போட்டுக் காட்டிவிட்டாள். ஆத்தா தீர்ப்பு சொல்லவில்லை. என் முதுகுக்குள் ஒரு பழுது சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டு, என்னை நெருப்பில் இறக்கிவிட்டு, தான் இருக்கிற இடத்தைச் சொல்லியிருக்கிறது. அதைத்தான் நான் காலுறை போட்டு மூடி வைத்திருந்தேன்.

“எதுக்குங்க குறுக்க தாண்டோணும்? எந்த மடையன் இப்படி வயர இழுப்பான்?” என்று கேட்டேன்.

டாக்டர் மேரி கொஞ்சம் யோசித்தாள். “யாருக்கும் சரியாத் தெரியாதுங்க அண்ணா. நானும் எங்க சாரக் கேட்டேன். அவருக்கும் தெரியல.” அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்குத்தான் வரவில்லை.

எம்.ஆர்.ஐ. அப்போது ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. குழாய் போன்ற ஒன்றுக்குள் என்னைத் தள்ளினார்கள். டம் டம் என்று உள்ளே ஏதோ இடிக்க ஆரம்பித்தது. முதலில் பயந்தேன். பிறகு அந்த அதிர்வு எனக்குத் தெரிந்த அதிர்வாக இருந்தது. வெளியே வந்ததும் மெஷின் ஓட்டுகிறவரைக் கேட்டேன்.

“உள்ளுக்க காயிலுங்களா?”

“ஆமாங்க. பெரிய காந்தம், அதுக்குள்ள காயிலு. காயிலுக்குக் கரண்டு உட்டு உட்டு எடுக்கறப்பத்தான் அந்தச் சத்தம்.”

“எத்தனாம் நம்பர் கம்பிங்க?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாழ்நாளெல்லாம் காயில் சுற்றியவனை ஒரு காயிலுக்குள் படுக்க வைத்து உள்ளே இருக்கிறதைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சாம்பல் நிறக் கயிறு நேராக இறங்கி வருகிறது. நடு முதுகில் இடது பக்கம் ஒரு வெள்ளை உருண்டை. அது தள்ளித் தள்ளித் தண்டுவடம் அந்த இடத்தில் நாடாவைப் போல நசுங்கி வலது ஓரத்தில் ஒட்டிக்கிடந்தது.

பெரிய டாக்டர் வந்தார். நரைத்த தலை, அளந்து பேசுகிற மனிதர். நரம்பின் உறையில் வளர்ந்த கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் கிடையாது, எடுத்துவிடலாம் என்றார். சரசு உடனே கேட்டாள்.

“எடுத்தா நடந்துருவாருங்களா?”

“எடுக்கலைன்னா ரெண்டு காலும் போயிருமுங்க. அது நிச்சயம். எடுத்தா நடை திரும்ப வரலாம். நிறைய நாள் நசுங்கியிருக்குது. ரெண்டு மாசம் முன்னாடின்னா இன்னும் தைரியமாச் சொல்லுவேன்.”

இரண்டு மாதம். சரசு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் மாரிமுத்து. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் பறிக்கிறவன், முப்பது வயதுகூட இல்லை. மரத்திலிருந்து விழுந்ததில் எலும்பு நொறுங்கித் தண்டுவடம் அறுந்துவிட்டது. வெட்டுப்பட்ட வயரை முறுக்கிச் சேர்த்து டேப் ஒட்டுகிறேனே, அதுபோல இதைச் சேர்க்க முடியாதா என்று டாக்டர் மேரியிடம் தனியாகக் கேட்டேன். முடியாது என்று தலையாட்டினாள். கைநரம்பு அறுந்தால்கூடத் தைக்கலாமாம், தண்டுவடம் அறுந்தால் மறுபடி வளராதாம். அவ்வளவு பெரிய அற்புதத்துக்கு மாற்றுக் கம்பி கிடையாது. அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

என் ஆம்லெட் கதை வார்டு முழுக்கப் பரவியிருந்தது. மாரிமுத்துதான் அதிகம் சிரித்தவன். “எனக்கு இப்ப ரெண்டு காலும் நெருப்பு தெரியாதுங்ணா. எந்தக் குண்டத்துலயும் எறக்கலாம். என்ன, யாராச்சும் தூக்கிட்டுப் போகோணும்,” என்பான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் சிரிப்போம். சரசு எனக்குக் கொண்டுவரும் அரிசியும் பருப்புஞ் சாதத்தில் பாதி அவனுக்குப் போகும்.

ஆபரேஷன் அன்று காலை சரசு என் வலது பாதத்தைத் தன் மடியில் வைத்து அந்த வடுவைத் தடவிக்கொண்டே இருந்தாள். தள்ளுவண்டி வந்ததும், “போயிட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்,” என்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மருந்து ஏற்றியதும் ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். ஆறு வரைக்கும் எண்ணினது ஞாபகம்.

கண் விழித்ததும் முதுகு நெருப்பாக எரிந்தது. கால்களை நினைக்கவே பயம். யாரோ “இடது காலை ஆட்டுங்க” என்றார்கள். ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் மேரியின் குரல்தான் கேட்டது. “கட்டைவிரல் அசையுதுங்க! பாருங்க அக்கா, அசையுது!” சரசு ஓவென்று அழுதாள்.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் தனியாக வந்து என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கட்டி பாதி நெல்லிக்காய் அளவு இருந்ததாம்.

“உங்க தொழில் வைண்டிங்காமே, மேரி சொன்னா. அதனாலதான் சொல்றேன்,” என்றார். “எலும்போட பின் வளைவ எடுத்துட்டு, வெளியுறையக் கீறுனதும் தண்ணி வந்துச்சு. கண்ணாடி மாதிரித் தண்ணி. உள்ள தண்டுவடம் அசைவே இல்லாமக் கிடந்துச்சு. கட்டிய மெதுவாப் பிரிச்சு எடுத்தோம். எடுத்துட்டு நான் கையத் தூக்கிட்டு நின்னேன். சித்தெ நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் அது துடிக்க ஆரம்பிச்சுதுங்க. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு துடிப்பு. முப்பது வருஷமா இதப் பாக்கறேன். அந்த எடம் வர்றப்ப எனக்கு இன்னும் பேச்சு வராது.”

சுற்றி முடித்த மோட்டாருக்கு முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது, அது ஓடுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவரும் அப்படித்தான் நிற்கிறார் என்று தெரிந்ததில் எனக்கு அவர் மேல் பெரிய பாசம் வந்துவிட்டது. என் முதுகுக்குள் ஒரு முழ நீளத்தில் ஏதோ துடித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்போடு அன்று முழுவதும் அசையாமல் படுத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் என்னைக் கம்பியைப் பிடிக்கவைத்து நிறுத்தினார்கள். இடது காலைக் கண்ணால் பார்த்தால்தான் அது இருக்கிற இடம் புரிந்தது. ஒரு அடி எடுத்து வைத்தேன். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணா,” என்றான் மாரிமுத்து, “தரை சில்லுன்னு இருக்குதுங்களா?”

பொய் சொல்லக் கூடாது என்று நின்று கவனித்தேன். “எடது காலுக்குச் சில்லுன்னு இருக்குது. வலது காலுக்குத் தெரியல.”

“எடது காலு போதுமுங்ணா. இன்னொரு அடி வைங்க, கேட்டுட்டு இருக்கறேன்,” என்றான். அவன் சக்கர நாற்காலியில் ஊருக்குப் போனான். இப்போது வீட்டு முன்னால் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். அந்தப் பக்கம் போனால் அவன் கடையில் சோடா குடிக்காமல் வரமாட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகு நடை மெதுவாகத் தேறியது. ஐப்பசியில் குச்சியோடு பட்டறைக்குப் போனேன், மார்கழியில் குச்சி இல்லாமல். சூடு மட்டும் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் மேரி செய்ததைப் பார்த்துவைத்துக்கொண்டு சரசு தினமும் சாயங்காலம் இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வந்து உட்காருவாள். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். என்னைக் கண்ணை மூடச் சொல்லி வலது காலில் மாற்றி மாற்றி வைப்பாள்.

“இது எதுங்க?”

“தெரியல.”

“இது?”

“தெரியல சரசு.”

ஆசையாகத்தான் கேட்பாள். டம்ளரை வைக்கிற வேகத்திலேயே எது சூடு என்று ஊகித்துவிடலாம். சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும். ஆனாலும் சொல்லவில்லை. ஏழு மாதம் தினமும் தெரியல, தெரியல என்றே சொன்னேன். அவளும் சலிக்காமல், “சரீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்,” என்று அந்த வெந்நீரிலேயே காப்பி கலந்து கொடுப்பாள்.

மறுபடி பங்குனி வந்தது. போன வருஷ வேண்டுதலுக்கு நன்றி செலுத்த வேண்டும். சூடு தெரியாத காலோடு நெருப்பு இருக்கிற பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“உங்களுக்குப் பதிலா நான் எறங்கறேனுங்க,” என்றாள் சரசு. பதினைந்து நாள் அவள் விரதம் இருந்தாள். நானும் கூடவே இருந்தேன். காந்திபுரத்தில் அந்தத் தள்ளுவண்டியைக் கண்டால் சுற்றிக்கொண்டு போனேன்.

குண்டத்தன்று ஆண்கள் முடித்துப் பெண்கள் முறை வர வெயில் ஏறிவிட்டது. ஏறுகிற முனையில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு வெறுங்காலில் நின்றேன். ஏறி வருகிறவர்களின் காலோடு தணலும் சாம்பலும் சிதறும். முப்பதடிக்கு அந்தப்பக்கம் சரசு கும்பிட்டபடி நிற்பது தெரிந்தது. அவள் இறங்கினாள். நான் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வலது பாதத்தில் ஏதோ ஒன்று. முதலில் அது என்னவென்று புரியவில்லை. ரொம்ப நாளாகப் பார்க்காத ஆளின் பெயர் நாக்கு நுனியில் நின்று வராதது போல ஒரு வினாடி திகைத்தேன். பிறகு “ஆத்தா!” என்று கத்திக்கொண்டு காலைத் தூக்கிவிட்டேன். குடம் உருண்டது. காலடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தணல் கிடந்தது.

அதற்குள் சரசு ஏறிவிட்டாள். ஒறம்பரை சூழ்ந்துகொண்டது.

“எப்படி இருந்துச்சு அம்மணி?”

“பூ மாதிரி இருந்துச்சுங்க,” என்றாள் சரசு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னாள்.

“சரசு, சுடுது. வலது கால் சுடுது.”

அவள் அப்படியே உட்கார்ந்து என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பழைய வடுவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினாள்.

“நெசமாச் சொல்லுங்க. வலிக்குதுங்களா?”

“வலிக்குது. உயிர் போகுது.”

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். பிறகு எழுந்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

“எனக்கும் சுட்டுதுங்க.”

நான் திடுக்கிட்டுப் போனேன். “ஏன், நீயும் ஆம்லெட் சாப்பிட்டயா?”

“போங்க,” என்றாள் சரசு. “நெருப்பு சுடாம என்னங்க செய்யும்?”